அட்வான்ஸ் வாங்கிய பிறகு ‘மணமகள்’ என்று அடிக்க மாட்டேன் என்ற அச்சகம்

மதுரையில் கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதிலும் உங்கள் வீட்டு மணமகள் திருநங்கையாகவோ மணமகன் திருநம்பியாகவோ இருந்தால் தயவுசெய்து முழுதும் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். என் தங்கை ஒரு திருநங்கை. அவள் கல்யாணத்துக்கு ஒரே பத்திரிகைக்காக இரண்டு அச்சகங்களில் பணம் கட்ட வேண்டியதாகிவிட்டது. முதல் கடைக்கு 5 நட்சத்திரத்துக்கு 2, இரண்டாவது கடைக்கு 5க்கு நாலரை. இரண்டு கடைகளின் பெயரையும் நான் போடவில்லை, ஆளுக்கு ஒரு காரணம் இருக்கிறது, படிக்கும்போது தெரியும்.

முதல் கடை மாசி வீதிப் பக்கம், கோயிலிலிருந்து நடந்து போய்விடுகிற தூரம். 11 வருஷத்துக்கு முன்னால் என் கல்யாணப் பத்திரிகையும் அங்கேதான் அடித்தோம், அதனால் வேறு கடையைப் பற்றி நாங்கள் யோசிக்கவே இல்லை. கார்டெல்லாம் சிவகாசியிலிருந்து வருவதுதான், எல்லாக் கடையிலும் அதே ஆல்பம்தான் காட்டுவார்கள். ஆனால் இந்தக் கடையில் முதலாளி அண்ணன் மேட்டரைத் தானே உட்கார்ந்து படிப்பார். டிடிபி பண்ணுகிற பையனிடம் விட்டுவிட மாட்டார். நீல பால்பாயிண்ட் பேனாவை வைத்துக்கொண்டு வரி வரியாக, லக்னம், நாழிகை, தாய்மாமன் பெயர், ‘நல்வரவை நாடும்’ பட்டியலில் யார் விட்டுப் போயிருக்கிறார்கள் என்பது வரை கேட்பார். நான் எழுதிக்கொண்டு போன மேட்டரில் தங்கை பெயருக்கு முன்னால் ‘திருவளர்ச்செல்வி’ என்று இருந்தது. அவர் நிறுத்தி, “கடைசிப் பொண்ணாம்மா?” என்றார். ஆமாம் என்றேன். “இதுக்கப்புறம் வீட்ல கல்யாணத்துக்கு ஆள் இல்லைல்ல? அப்ப திருநிறைச்செல்வின்னுதான் போடணும்” என்று ‘வளர்’ மேல் ஒரு கோடு இழுத்து மேலே ‘நிறை’ என்று எழுதினார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

350 கார்டு, ஒன்று 22 ரூபாய், மொத்தம் 7,700. அட்வான்ஸ் 3,500 கொடுத்தேன். மேலே பிள்ளையார் சுழி, அதற்குக் கீழே ‘அருள்மிகு மீனாட்சி சுந்தரேசுவரர் துணை’, அம்மன் திருக்கல்யாணக் கோலத்தில் சின்னப் படம், உள்ளே இரண்டு பக்கத்துக்கு மேட்டர். ஆல்பத்தில் 22 ரூபாய்க்கு இருந்ததில் நல்ல கனமான அட்டை, தொட்டால் தெரியும். புரூஃப் நாலாம் நாள் ரெடி என்றார், சொன்ன நாளில் ரெடியாகவும் இருந்தது. இதுவரை ஒரு குறையும் கிடையாது.

புரூஃப் பார்க்க அன்றைக்குத் தங்கையும் என்னோடு வந்தாள். தன் பெயரை அச்சில் பார்க்க வேண்டும் என்று ஆசை அவளுக்கு. கவரின் நிறத்தைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினாள், அவ்வளவுதான். அண்ணன் அவளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார், அப்புறம் குனிந்துகொண்டார். புரூஃபில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தோம். சாயங்காலம் ஏழு மணி இருக்கும், போன் வந்தது.

“தங்கச்சி, தப்பா நெனைக்காதீங்க. காலைல உங்க கூட வந்தது யாரு?”

“என் தங்கச்சிண்ணே. அவளுக்குத்தான் கல்யாணம்.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னார்: “முப்பது வருஷமா அம்மன் படம் போட்டு அடிக்கிறேன்மா. கடையைத் தெறந்தா சூடம் காட்டாம மெஷினத் தொட மாட்டேன். அம்மன் பேரை மேல போட்டு, கீழ மணமகள்னு இதை அடிக்க என் மனசு ஒப்பலை. எனக்குப் பாவமாப் படுது.”

அவர் ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை என்பதை நான் இங்கே சொல்லியாக வேண்டும். குரலை உயர்த்தவும் இல்லை. அப்புறம் ஒரு வழி சொன்னார்: அம்மன் படமும் பிள்ளையார் சுழியும் வேண்டாம், ‘மணமகள்’ ‘மணமகன்’ வேண்டாம், இரண்டு பேர் பெயரையும் போட்டு ‘விருந்து அழைப்பிதழ்’ என்று அடித்துத் தருகிறேன், அதே விலைக்கு. நான் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், தங்கை பக்கத்தில் இருந்தாள். போனை வைத்த பிறகு அவள் அந்தப் பழைய தாளை எடுத்து அந்த நீல மையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். “அவரேதானக்கா ‘நிறை’ன்னு திருத்துனாரு” என்றாள். எனக்கு அந்த ஒரு வாக்கியத்துக்குப் பதில் இல்லை. அன்று ராத்திரி எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் கடைக்குப் போனேன். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார், ஆனால் 3,500இல் 2,500தான். டிசைன் சார்ஜ், மேட்டர் செட்டிங், புரூஃப் எல்லாம் சேர்த்து 1,000 பிடித்துக்கொண்டார். அடிக்க மாட்டேன் என்று சொன்னது அவர், செலவு மட்டும் எங்கள் தலையில் எப்படி விழும் என்று கேட்டேன். “பையன் வேலை பாத்துட்டானேம்மா” என்றார். பணத்தைவிடப் பெரிய நஷ்டம் நாள். குலதெய்வத்துக்கு முதல் பத்திரிகை வைக்க நாள் குறித்திருந்தோம், அடுத்து தாய்மாமன் வீடு, அப்புறம் பங்காளிகள். கல்யாணத்துக்கு 19 நாள்தான் இருந்தது. கையில் பத்திரிகை இல்லாமல் குறித்த நாள் போய்விட்டது. அம்மா வெறும் வெற்றிலை பாக்கை வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்தாள்.

என் பெரியம்மா மகன் இங்கே வக்கீல். அவனிடம் புரூஃபையும் அட்வான்ஸ் ரசீதையும் காட்டினேன். அவன் முதலில் கேட்ட கேள்வி, “அட்வான்ஸுக்கு ரசீது இருக்கா?” என்பதுதான். இது ஏன் முக்கியம் என்று அவன் விளக்கினான். 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பணம் கொடுத்தோ, தருகிறேன் என்று பேசியோ, பாதி கொடுத்து மீதி சொல்லியோ ஒரு சேவையை எடுத்துக்கொள்கிறவர் நுகர்வோர். அட்வான்ஸ் வாங்கி, மேட்டர் செட் பண்ணி, புரூஃபில் கையெழுத்தும் வாங்கிவிட்டு வேலையை முடிக்காமல் விட்டால் அது சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கேட்கலாம். 5 லட்ச ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் இல்லாமல் நாமே போய்ப் பேசலாம், நடந்த நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் போட வேண்டும். இது எல்லா வாடிக்கையாளருக்கும் பொது. கடைக்காரர் மறுத்ததற்குக் காரணம் சாமியா, மெஷின் ரிப்பேரா, ஆள் வரவில்லையா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான் வரும்.

ஆனால் எனக்கு அந்தக் காரணம்தான் முக்கியமாக இருந்தது. அவர் ‘மணமகள்’ என்ற வார்த்தையைத்தானே மறுத்தார். அந்த ஒரு வார்த்தைக்கு எங்கள் ஊரிலேயே தீர்ப்பு இருக்கிறது. மேலூர் ரோட்டில் இருக்கிற உயர்நீதிமன்றக் கிளையில் 2019 ஏப்ரல் 22 அன்று நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் கொடுத்தது. தூத்துக்குடியில் சங்கர ராமேசுவரர் கோயிலில் 2018 அக்டோபர் 31 அன்று அருண்குமார் என்பவருக்கும் ஸ்ரீஜா என்ற திருநங்கைக்கும் கல்யாணம் நடந்தது. பதிவு அலுவலகத்தில் பதிய மறுத்தார்கள், இந்துத் திருமணச் சட்டம் மணமகள் என்று சொல்வது பெண்ணைத்தான் என்று வாதம். அந்தச் சொல்லுக்கு மாறாத ஒரே பொருள் என்று கிடையாது, திருநங்கையும் அதில் அடக்கம், பதிந்து கொடுங்கள் என்று தீர்ப்பு. ஆண், பெண் என்று தெளிவாகச் சொல்ல முடியாத உடலோடு பிறக்கிற இடைப்பால் குழந்தைகளுக்குக் கட்டாய அறுவை சிகிச்சை கூடாது என்று சொன்னதும் அதே தீர்ப்பில்தான். கடைக்காரர் அண்ணன் முப்பது வருஷமாகத் தொழில் பண்ணுகிற இதே ஊரில், கடையிலிருந்து டவுன் பஸ் பிடித்தால் போய்விடுகிற தூரத்தில் எழுதப்பட்ட தீர்ப்பு இது. அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எனக்கே என் தங்கைக்கு வரன் பேசத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது.

அதோடு 2019இல் வந்த திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, பொதுமக்களுக்கு வழக்கமாகக் கிடைக்கிற பொருள், சேவை, வசதி எதையும் திருநர் என்பதற்காக மறுக்கக் கூடாது என்கிறது. அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவில் கடைகள், ஓட்டல்கள் என்று பெயர் சொல்லியே மதம், சாதி, பால் காரணமாக யாரையும் தடுக்கக் கூடாது என்று இருக்கிறது, ‘பால்’ என்பதில் பாலின அடையாளமும் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று, திருநர் உரிமை பற்றிய நால்சா வழக்கில் சொல்லிவிட்டது. சரி, கடைக்காரருக்கு மத உரிமை இல்லையா? இருக்கிறது, 25ஆம் பிரிவு. ஆனால் அந்தப் பிரிவின் முதல் வரியே பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம், இந்தப் பகுதியின் மற்ற விதிகள் இவற்றுக்கு உட்பட்டு என்றுதான் தொடங்குகிறது. 15ஆம் பிரிவு அந்த ‘மற்ற விதிகள்’ எல்லாவற்றோடும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது.

இங்கே ஒரு விஷயம் மனசு விட்டுச் சொல்கிறேன். நானும் சாமி கும்பிடுகிறவள். சித்திரையில் திருக்கல்யாணத்தன்று தாலிக் கயிறு மாற்றாமல் இருந்ததில்லை. ‘எனக்குப் பாவமாப் படுது’ என்று ஒரு ஆள் சொன்னால், அது பொய் என்றோ நடிப்பு என்றோ எனக்குத் தோன்றாது. அவரிடம் அம்மன் கதையை எடுத்து வாதாடியிருக்கலாம். யாகத்தீயில் மூன்று முலையோடு வந்த பிள்ளை, மகனைப் போல வளர்த்து, முடிசூட்டி, திக்விஜயம் போய், கைலாயத்தில் சொக்கனைக் கண்ட நொடியில் ஒரு முலை மறைந்து மணப்பெண்ணானவள் எங்கள் மீனாட்சி. உடம்பு ஒரு மாதிரி இருந்து, வாழ்க்கை வேறு மாதிரி வளர்ந்து, அப்புறம் மணமேடைக்கு வந்தவளைத்தானே இந்த ஊரே வருஷா வருஷம் கூடிக் கல்யாணம் பண்ணி வைக்கிறது. என் தங்கை சின்ன வயசிலிருந்தே அந்தக் கதையைப் பிடித்துக்கொண்டுதான் வளர்ந்தாள். ஆனாலும் நான் கடையில் அதைச் சொல்லவில்லை. அவருடைய பக்தியை நான் திருத்தப் போகவில்லை, அவர் வாங்கிய வேலையைப் பற்றித்தான் பேசப் போனேன்.

அப்படியானால் எதுவரை அவர் மனசாட்சி, எங்கிருந்து என் தங்கையின் உரிமை? இதை யோசித்துக்கொண்டிருந்தபோது வக்கீல் தம்பி வெளிநாட்டு வழக்கு ஒன்றைச் சொன்னான், கேட்டதும் எங்கள் கதை மாதிரியே இருந்தது. வட அயர்லாந்தில் பெல்ஃபாஸ்டில் ஆஷர்ஸ் என்று ஒரு பேக்கரி, கிறிஸ்தவ நம்பிக்கை உள்ள குடும்பம் நடத்துவது. 2014 மே மாதம் ஒருவர் கேக் கேட்கிறார், மேலே ‘ஒரே பாலினத் திருமணத்தை ஆதரியுங்கள்’ என்று எழுத வேண்டும், விலை 36 பவுண்டு 50 பென்ஸ். கடையில் பணத்தை வாங்கிக்கொள்கிறார்கள். சில நாள் கழித்துப் போன் பண்ணி, எங்கள் நம்பிக்கைக்கு ஒத்துவராது என்று சொல்லிப் பணத்தைத் திருப்பிவிடுகிறார்கள். கீழ்க் கோர்ட்டுகளில் பேக்கரி தோற்றது. 2018 அக்டோபரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகப் பேக்கரி பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். காரணம், அவர்கள் அந்த ஆளை மறுக்கவில்லை, அந்த வாசகத்தை மறுத்தார்கள், யார் வந்து கேட்டிருந்தாலும் அதை எழுத மறுத்திருப்பார்கள் என்பது.

இதைக் கேட்டதும் முதலில் எனக்கு வயிற்றைக் கலக்கியது, அப்போ நம்ம அண்ணன் ஜெயித்துவிடுவாரே என்று. தம்பி சொன்னான், “நல்லா யோசிக்கா. உன் பத்திரிகைல அப்படி என்ன வாசகம் இருக்கு?” யோசித்தேன். ‘அருள்மிகு மீனாட்சி சுந்தரேசுவரர் துணை’, ‘நிகழும் மங்களகரமான’, ‘திருநிறைச்செல்வி’, ‘மணமகள்’. இதே வாசகத்தை அவர் எனக்கு அடித்தார், தினமும் எல்லாருக்கும் அடிக்கிறார். திருநங்கை உரிமை வாழ்க என்றோ, உங்கள் சாத்திரம் தப்பு என்றோ அதில் ஒரு எழுத்து இல்லை. எழுத்து மாறவில்லை, அந்த எழுத்துக்குப் பின்னால் இருக்கிற ஆள்தான் மாறினாள். ஆகவே அவர் மறுத்தது வாசகத்தை இல்லை, என் தங்கையை. அதே பிரிட்டனில் கார்ன்வாலில் ஒரு விடுதிக்காரர்கள் மத நம்பிக்கையைச் சொல்லி ஆண் ஜோடிக்கு டபுள் ரூம் மறுத்தார்கள், 2013இல் அதே உச்ச நீதிமன்றம் அது தப்பு என்றது. எல்லாருக்கும் விடுகிற ரூம்தானே.

அமெரிக்காவில், ஆண் ஜோடியின் கல்யாணத்துக்குக் கேக் செய்ய மறுத்த கொலராடோ கேக் கடை வழக்கும் பெரிதாகப் பேசப்பட்டது, 2018 ஜூனில் அந்தக் கடைக்காரர் ஜெயித்தார். ஆனால் விசாரித்த ஆணையம் அவர் மதத்தை மரியாதை இல்லாமல் பேசியது என்பதுதான் அங்கே தீர்ப்புக்குக் காரணம், யாருக்கு யார் கேக் செய்ய வேண்டும் என்ற பெரிய கேள்வியை அந்தக் கோர்ட் அன்றைக்கு முடித்து வைக்கவில்லை. அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது, புகார் எழுதும்போது அவர் பக்தியைக் கேவலமாக ஒரு வார்த்தை எழுதிவிடக் கூடாது என்பது. எழுதவில்லை.

நாளைக்கே யாராவது அதே அண்ணனிடம் போய், அவர் சாமியைத் திட்டியோ, அவர் ஒத்துக்கொள்ளாத ஒரு கோரிக்கையை வைத்தோ நோட்டீஸ் அடிக்கச் சொன்னால், மாட்டேன் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு, நான் அவர் பக்கம்தான் நிற்பேன். அதே மாதிரி ஒரு பூசாரி, நான் இந்தக் கல்யாணத்தை நடத்தி வைக்க மாட்டேன் என்றால் எனக்கு வருத்தம் இருக்கும், ஆனால் அவரை நுகர்வோர் கோர்ட்டுக்கு இழுக்க மாட்டேன். எங்கள் ஊர்ப் பூசாரி மறுப்பே சொல்லாமல் தாலியை எடுத்துக் கொடுத்தார் என்பது வேறு விஷயம். அச்சகம் போர்டு மாட்டி, ஷட்டரைத் தூக்கி, வருகிறவர்களை எல்லாம் வாங்க வாங்க என்று கூப்பிடுகிற இடம். அங்கே உள்ளே வந்தவரின் குரலைக் கேட்டுவிட்டு மனசு மாற முடியாது.

ஆண்-ஆண், பெண்-பெண் ஜோடிகளுக்கு இன்னும் கஷ்டம். 2018 செப்டம்பர் 6 தீர்ப்பில், அவர்கள் உறவைக் குற்றமாக்கியிருந்த 377ஆம் பிரிவின் பயம் போனது, ஆனால் 2023 அக்டோபர் 17இல் உச்ச நீதிமன்றம் அவர்களுடைய திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் தர மறுத்துவிட்டது. திருநர் சட்டம் மாதிரி அவர்களுக்கென்று கடையில் காட்ட ஒரு சட்டம் இல்லை. சென்னை உயர்நீதிமன்றத்தில் 2021 ஜூனில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்புச் சொன்ன வழக்கில், ஜோடியாக வாழப் பாதுகாப்புக் கேட்ட இரண்டு பெண்களும் மதுரையிலிருந்து கிளம்பிப் போனவர்கள்தான். அப்படிப்பட்டவர்கள் இங்கேயே இருந்து ஒரு விருந்துக்கு ஹால் பிடிக்க நினைத்தால், கையில் இருக்கிற பலம் அட்வான்ஸ் ரசீதுதான். கல்யாணம் சட்டப்படி செல்லுமா என்பது ஹால்காரர் கவலை இல்லை, பணம் வாங்கிய நாளில் ஹாலைத் திறந்து விடுவது அவர் பொறுப்பு. இதை எனக்குத் தெரிந்த இரண்டு பேருக்குச் சொல்லியிருக்கிறேன், இங்கேயும் சொல்கிறேன்.

இரண்டாவது கடைக்கு வருகிறேன். யானைக்கல் பக்கம் ஒரு சந்தில், பாய் ஒருவர் நடத்துகிற சின்ன பிரஸ். அலுத்துப் போய், இந்தத் தடவை முதல் வாக்கியத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்: கல்யாணப் பொண்ணு திருநங்கை, சாமி படம் வரும், மணமகள் என்று வரும், முடியுமா முடியாதா இப்பவே சொல்லிடுங்க பாய். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எங்க மார்க்கத்துல எனக்கு இதுல உடன்பாடு கிடையாதும்மா. மறைச்சுப் பேச மாட்டேன். ஆனா கார்டு அடிக்கிறது என் தொழில், எல்லா சாமி படமும் நான் அடிக்கிறேன். வந்தவங்களைத் திருப்பி அனுப்புறது முறை இல்ல.” அப்புறம் ஒன்று கேட்டார்: “கீழ பிரஸ் பேரு போடுவோம்ல, அதை மட்டும் விட்டுடவா?”

பத்திரிகையின் அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயரும் போன் நம்பரும் இருக்கும், பார்த்திருப்பீர்கள். கடைக்காரருக்கு அது இலவச விளம்பரம், அதை விட்டுக்கொடுப்பது அவருக்குத்தான் நஷ்டம். நான் உடனே சரி என்றேன். எனக்கு அதில் துளி வருத்தமும் இல்லை. அந்த ஒரு வரி அவருடையது, அவர் பெயர், அவர் வைத்துக்கொள்ளட்டும். மேலே இருக்கிற மற்ற வரியெல்லாம் எங்களுடையது, அதில் அவர் கை வைக்கவில்லை. முதல் கடை அண்ணனும் இதையே கேட்டிருக்கலாமே என்று எனக்கு இன்றைக்கும் தோன்றிக்கொண்டேதான் இருக்கிறது. கேட்டிருந்தால் அவர் மனசுக்கும் ஒரு ஆறுதல் இருந்திருக்கும், தங்கைக்கும் அந்த ராத்திரி இருந்திருக்காது. பாய் பெயரை வெளியே போட வேண்டாம் என்று கேட்டதால் இங்கேயும் போடவில்லை.

முதல் கடை விவகாரம் எப்படி முடிந்தது என்றால், 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசினேன், முதலில் கடைக்கு எழுத்துமூலமாகக் கேளுங்கள் என்றார்கள். தம்பி உதவியோடு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ரசீது நம்பர், புரூஃபில் கையெழுத்துப் போட்ட தேதி, பிடித்த 1,000 ரூபாய், 15 நாளில் தராவிட்டால் மாவட்ட ஆணையம், இவ்வளவுதான் விஷயம். 2019 தீர்ப்பையும் 3ஆம் பிரிவையும் இரண்டு வரியில் சேர்த்தோம். ஒன்பதாம் நாள் அண்ணன் தன் மகனோடு வீட்டுக்கே வந்துவிட்டார். 1,000 ரூபாயை வெற்றிலைத் தட்டில் வைத்துக் கொடுத்தார். “சட்டம் இப்படின்னு தெரியாதும்மா. பணத்தைப் பிடிச்சது தப்பு” என்றார். அடிக்க மறுத்தது தப்பு என்று அவர் சொல்லவில்லை. தங்கை உள்ளேயிருந்து காபி கொண்டுவந்து கொடுத்தாள், வாங்கிக் குடித்தார். “நல்லாருத்தா” என்றார் அவளைப் பார்த்து.

மன உளைச்சலுக்கு நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட வேண்டும் என்று தம்பி சொன்னான், எனக்கும் பாதி மனசு அப்படித்தான். தங்கை வேண்டாம் என்றுவிட்டாள். அது அவள் முடிவு, அதனால் கடைப் பெயரையும் போடவில்லை. ஆனால் இரண்டு நட்சத்திரத்துக்கு மேல் என்னால் போட முடியாது. வேலை சுத்தம், பேச்சில் மரியாதை, கடைசியில் பணம் வந்தது, அதற்கு இரண்டு. அவருடைய மகன்தான் அடுத்து கடையைப் பார்க்கப் போகிறான், அவன் இதைப் படித்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: எதையாவது அடிக்க மாட்டீர்கள் என்றால் அதைக் கடையில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி எழுதிப் போடுங்கள், எல்லாருக்கும் ஒரே மாதிரி மறுங்கள், அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்னால் சொல்லுங்கள். யாருக்கு என்று பார்த்து மறுப்பதை எழுதிப் போட முடியாது, ஏனென்றால் அதைச் சட்டம் விடாது.

கொடுக்கப் போகிறவர்களுக்கு: ரசீதில் கார்டு நம்பர், எண்ணிக்கை, தரும் தேதி மூன்றும் இருக்கிறதா பாருங்கள், வெறும் துண்டுச் சீட்டில் 3,500 என்று எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள், ஜிபே பண்ணினால் எதற்கு என்று அதில் ஒரு வார்த்தை போட்டு விடுங்கள். புரூஃபை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டுமா என்று கேட்டால், சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை, நான் சொன்னது எனக்கு நாள் இல்லை என்பதால்.

பாய் கடையில் ஒரு கார்டு 24 ரூபாய், 350க்கு 8,400. ஆறே நாளில் கொடுத்துவிட்டார், சொன்னது ஏழு நாள். எழுத்து நல்ல கருப்பு, மடிப்பில் மை உடையவில்லை. அரை நட்சத்திரம் நான் குறைத்தது ஃபாயிலுக்கு. ஒன்பது கார்டில் அம்மன் படத்தின் தங்கக் கோடு ஓரத்தில் உரிந்திருந்தது, எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன், மறுநாளே பத்து அடித்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. மேட்டரை அவரும் தானே உட்கார்ந்துதான் படித்தார். ‘திருநிறைச்செல்வி’ வந்த இடத்தில் பேனா நின்றது. “கடைசிப் பொண்ணுதானம்மா?” என்றார். ஆமாம் பாய் என்றேன். “அப்ப சரியாத்தான் இருக்கு” என்று அடுத்த வரிக்குப் போனார்.